யுபிஎஸ் எத்தனை வருடம் உழைக்கும்?

கேள்வி: 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள யுபிஎஸ் வாங்கி 4 வருடம் ஆகிறது. கரண்ட் போனால் கணினியும் கூடவே அணைந்துவிடுகிறது. ஆனால் பச்சை விளக்கு ஒழுங்காக எரிகிறது. புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 3 முதல் 5 வருடம்தான் வரும். உங்களுடையது அந்த வயதில் இருக்கிறது. பெட்டியும் சர்க்யூட் போர்டும் அதைப்போல இரண்டு மடங்கு உழைக்கும்.

பச்சை விளக்கை நம்பாதீர்கள். பழைய பேட்டரியில் உள்தடை (உள்ளேயே மின்னோட்டத்தை மறிக்கும் தன்மை) கூடியிருக்கும். சும்மா அளந்தால் மல்டிமீட்டர் 12.7 வோல்ட் காட்டும். கணினி போன்ற சுமை அதிலிருந்து கரண்ட் இழுத்த நொடியே சரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பை அதில் இணைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் உள்ள நல்ல 7 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி அரை மணி நேரமாவது தாங்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான்.

கழற்றும்போது பேட்டரியின் பக்கங்களைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் புதியதை அவசரப்பட்டு மாட்டாதீர்கள். சார்ஜர் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கலாம். புதியதையும் அது வேகவைத்துவிடும். பேட்டரி முழுதாக ஏறிய நிலையில் அதன் முனைகளில் 13.5 முதல் 13.8 வோல்ட் இருக்க வேண்டும். மெயின் கரண்ட் ஓடும் பெட்டியைத் திறந்து அளக்கிற வேலை இது; பழக்கமில்லாதவர் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

உப்புவதற்கு இன்னொரு காரணம் சூடு. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. மேஜைக்கடியில் சுவரோடு ஒட்டி, காற்றோட்டத் துளைகள் அடைபட வைத்திருந்தால் 5 வருடப் பேட்டரி இரண்டரை வருடத்தில் போவதில் வியப்பில்லை. இரண்டு பேட்டரி உள்ள மாடலென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு ஜோடி சேர்ந்த புதியது சீக்கிரம் கெடும்.

கேள்வி: 9 வருடமான யுபிஎஸ்ஸுக்கு மூன்றாவது பேட்டரி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்த வயதில் கெப்பாசிட்டர்கள் (போர்டில் மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு உருளைகள்) வறண்டிருக்கும், ரிலே (மின்பாதையை மாற்றும் தானியங்கி சுவிட்ச்) முனைகள் கருகியிருக்கும். கெப்பாசிட்டரின் தலை புடைத்திருக்கிறதா, பெட்டியில் தீய்ந்த வாடை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: உபரியாக வாங்கிய யுபிஎஸ்ஸைப் பிரிக்காமலே வைத்திருக்கலாமா?

பதில்: 6 மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் தானாக இறங்கிக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.