விலாப்பக்க வலி: சிறுநீரகமா, தசையா? கேள்வி பதில்

கேள்வி: நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. இடுப்பில் இரண்டு பக்கமும் வலி. கிட்னியாக இருக்குமோ?

பதில்: இருக்க வாய்ப்பு குறைவு. சிறுநீரகம் இடுப்பில் இல்லை. அதற்கு மேலே, கடைசி விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் மூலையில் இருக்கிறது. அதன் வலி பெரும்பாலும் ஒரே பக்கம், ஆழத்தில் இருக்கும். எப்படிப் படுத்தாலும் குறையாது. குனியும்போது கூடி, படுத்தால் தணிகிற வலி தசையோ முதுகுத்தண்டோ தருவது. ஆனால் கால் பலம் குறைந்து, தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். முதுகுத்தண்டு நரம்புகள் நசுங்கியிருக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. வலது விலாவில் வலி, நீர்க்கடுப்பு, நேற்றிலிருந்து குளிர் காய்ச்சல். சூடு என்று பார்லித் தண்ணீர் கொடுக்கிறோம்.

பதில்: இன்றைக்கே கூட்டிப் போங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். உடல் தூக்கிப் போடுகிற குளிரும் விலா வலியும் சேர்ந்து வந்தால், கிருமி சிறுநீர்ப்பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வேகமாக ரத்தத்தில் பரவும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி தெரியாமல் போகும். அந்தச் சோதனைக்கு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். ஸ்கேனும் அவசியம். கல் அடைத்து அதன் பின்னால் சீழ் தேங்கியிருந்தால் மருந்து மட்டும் போதாது. சிறுநீர் இறங்கும் பாதைக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயோ, முதுகு வழியாக ஒரு குழாயோ வைத்து வடிக்க வேண்டும். அம்மா பேச்சில் குழப்பம், மயக்கம், சிறுநீர் குறைவு தெரிந்தால் நேரே அவசரப் பிரிவு.

கேள்வி: கணவர் ராத்திரி துடித்தார், வாந்தி வேறு. வலி விலாவிலிருந்து விதைப்பை வரை இறங்கியது. ஸ்கேனில் 6 மி.மீ. கல். ஊசி போட்டதும் வலி போய்விட்டது. கல்லும் போய்விட்டதா?

பதில்: வலி போனதை வைத்துச் சொல்ல முடியாது. பலர் ஏமாறுவது இங்கேதான். கல் அங்கேயே அடைத்திருக்கும்போதே வலி அடங்கிவிடும். சிறுநீரகம் மட்டும் சத்தமில்லாமல் வீங்கிக்கொண்டிருக்கும். 5 மி.மீ.க்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் தானாக இறங்கும். அதற்கு மேல் போகப் போக வாய்ப்பு குறையும். சிறுநீரை ஒரு வடிகட்டியில் விட்டுப் பாருங்கள். கல் கிடைத்தால் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் நான்கு வாரத்துக்குள் மறு ஸ்கேன் கட்டாயம். நடுவில் காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். வலி நேரத்தில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தால் கல் தள்ளப்படாது, வலிதான் கூடும்.

கேள்வி: வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்குமா?

பதில்: நம்மிடம் அதிகம் வருகிற கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்தச் சாறும் கரைக்காது. யூரிக் அமிலக் கல்லை மட்டும் சிட்ரேட் மருந்தால் கரைக்கலாம். புதுக் கல் வராமலிருக்க ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர், குறைந்த உப்பு. தயிரை நிறுத்தாதீர்கள், அதிலுள்ள கால்சியம், உணவில் வரும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும்.

கேள்வி: 12 வருடமாகச் சர்க்கரை. ஒரு வலியும் இல்லை. கிட்னி நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. சர்க்கரையால் கெடும் சிறுநீரகம் வலிக்காது. வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதம், ரத்தத்தில் கிரியேட்டினின் இரண்டையும் பாருங்கள். விகிதம் 30 மி.கி./கிராமைத் தாண்டினால், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்யுங்கள். மூட்டு வலிக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக்கைத் தினமும் கடையில் வாங்கிப் போடுகிறவராக இருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.