இடது பெடலின் மரை போய்விட்டது: வெல்டிங் பிடிப்பதா, மாற்றுவதா?

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குத் தினமும் கியர் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். இரண்டு கிழமைக்கு முன் ஒரு கடையில் பெடல் இரண்டையும் புதிதாகப் போட்டேன். ஐந்தாம் நாளே இடது பெடல் ஆடத் தொடங்கியது. நானே இறுக்கி இறுக்கி ஓடினேன். நேற்று பம்பலப்பிட்டிச் சந்தியில் கழன்று விழுந்துவிட்டது. இப்போது திருப்பிப் பூட்டினால் பிடிக்கவேயில்லை. கடைக்காரர் கிராங்க் செட்டையே, அதாவது பெடல் பூட்டும் இரண்டு கைகளையும் பல்சக்கரத்தோடு, மாற்றச் சொல்கிறார். பக்கத்து பாஸ் வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்கிறார். எதைச் செய்ய?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: வெல்டிங் வேண்டவே வேண்டாம். உங்கள் கிராங்க் அலுமினியம், பெடல் அச்சு உருக்கு. இரண்டும் ஒன்றோடொன்று ஒழுங்காக ஒட்டாது. சூடுபட்ட அலுமினியம் பலமும் இழந்துவிடும். காலி வீதியில் எழுந்து நின்று உழக்கும்போது அது உடைந்தால் நீங்கள் விழுவது பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன்னால்.

கழன்ற பெடலைத் துடைத்துவிடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சின் மரைக்குள் வெள்ளி நூல் மாதிரிச் சுருள்கள் சிக்கியிருந்தால், அவை கிராங்கிலிருந்து உரிந்து வந்த மரை. இடது பெடலுக்கு மரை எதிர்ப்புறமாக வெட்டப்பட்டிருக்கும். உழக்கும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அவசரத்தில் வலது பெடலை இடப்பக்கம் திணித்தாலோ, சரியான பெடலையே கோணலாகப் பிடித்துச் சாவியால் முறுக்கினாலோ உருக்கு அலுமினியத்தை வெட்டிவிடும். பெடல் அச்சின் நுனியில் எல், ஆர் என்று அடையாளம் இருக்கும். இடப்பக்கம் எல் தானா என்று பாருங்கள். அதோடு, ஆடும் பெடலோடு நீங்கள் ஓடிய நாட்களும் மிச்ச மரையைத் தின்றிருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செட் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. வெளிவாயில் இரண்டு மூன்று மரை மட்டும் நசுங்கியிருந்தால், கிராங்கைக் கழற்றி, சைக்கிள் உடலைப் பார்க்கும் பின்பக்கத்திலிருந்து டாப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) விடவேண்டும். அங்கே மரை நல்லபடி இருப்பதால் டாப் அந்த வழியையே பிடித்துக்கொண்டு வந்து வாயைச் சரிசெய்யும். அளவு 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பட்டறையில் முதல் கேள்வியாக "இடமரை டாப் இருக்கிறதா?" என்று கேளுங்கள். சாதாரண டாப்பை விட்டால் மிச்சமும் போய்விடும்.

மரை முழுக்கப் போயிருந்தால், துளையைப் பெரிதாக்கி, உள்ளே இடமரை வெட்டிய உருக்குப் புஷ் (குழாய் போன்ற சிறு உறை) இறக்கலாம். பஞ்சிகாவத்தைப் பக்கம் நல்ல கடைசல்காரர் கிடைத்தால் அது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும். துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் மட்டும் அந்தக் கிராங்கை விட்டுவிடுங்கள்.

ஆனாலும் செலவு செய்வதற்கு முன் டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் இடது கிராங்க் மட்டும் என்ன விலை என்று விசாரியுங்கள். புஷ் போடும் கூலி அதில் பாதியைத் தாண்டினால் கிராங்கையே வாங்குவது நல்லது என்பது என் கருத்து. பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பின்பக்கத்தில் 170 போல நீளம் பொறித்திருக்கும். அதுவும், சைக்கிளின் நடு அச்சில் கிராங்க் ஏறும் துளையின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும்.

பணத்தை யார் தருவது? பூட்டியது கடை, ஐந்து நாளில் ஆடியது. பில்லையும் சுருளோடு இருக்கும் பெடலையும் காட்டி, இடது கிராங்கின் விலையைக் கேளுங்கள். இறுக்கி இறுக்கி ஓடியதை மறைக்கவேண்டாம்; கோளாறு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். எழுத்து முறைப்பாடு 3 மாதத்துக்குள் போகவேண்டும், ஆகவே ஆறப்போடாதீர்கள்.

புதிதாகப் பூட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மரையில் கொஞ்சம் கிறீஸ் பூசி, முதல் மூன்று நான்கு சுற்றும் வெறும் விரலாலேயே போகவேண்டும். அதற்கு முன் யாராவது சாவியை எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.