கஷ்டம் ஏன் எப்போதும் மொத்தமாகவே வந்து சேர்கிறது?

‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்பதில் பாதி கணக்கு, பாதி காரணம்.

தற்செயலாக நடப்பவை சீரான இடைவெளியில் வருவதில்லை, அங்கங்கே குவியும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டனில் சில இடங்களையே குறிவைப்பதாகப் பலர் நம்பினார்கள். ஆர். டி. கிளார்க் என்பவர் தெற்கு லண்டனில் ஒரு பகுதியை 576 சதுரங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளை எண்ணி 1946இல் வெளியிட்டார். 229 சதுரங்களில் ஒன்றுகூட விழவில்லை. 35 சதுரங்களில் மும்மூன்று. குறியே இல்லாமல் விழுந்தாலும் கணக்குப்படி கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்.

சரி, காரணம்? கல்யாணத்தின்போது வாங்கிய ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் ஒரே வயது. சேர்ந்தாற்போல மக்கர் செய்வதில் ஆச்சரியம் என்ன? தவிர, ஒன்று இன்னொன்றை இழுத்து வரும். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் தூக்கம் போகும், லீவு தீரும், கையிருப்பு கரையும், கடன் தவணை தப்பும், அதற்கு அபராதம் வேறு. (கண் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைப்பது உங்கள் விருப்பம்!) இந்தச் சங்கிலியில் சுலபமாக அறுக்கக்கூடிய கண்ணி கடன் தவணைதான்; தேதி தாண்டுவதற்கு முன்பே வங்கியில் போய்ப் பேசிவிடுங்கள்.