புரோக்கன் ஏரோவில் ஸ்பீடிங் டிக்கெட், அது யார் கோர்ட்?

தம்பி, ஓக்லஹோமாவுல டல்சா பக்கத்துல இருக்கிற நம்ம புரோக்கன் ஏரோ பத்தின உங்க கேள்வியில நாலு விஷயம் இருக்கு: ஸ்கூல், மளிகை, வீடு வாங்கலாமா, அப்புறம் அந்த ஸ்பீடிங் டிக்கெட். முதல் ரெண்டுக்கும் பதில் சொல்ல இங்க நிறைய பேர் ஓடி வருவாங்க. எனக்கு டிக்கெட் விஷயம்தான் உறுத்துது. "ஆபீஸ்ல ஒருத்தர், இது கிரீக் பழங்குடி ரிசர்வேஷன் (அவங்களுக்குன்னு ஒதுக்கின நிலப்பகுதி), சிட்டி கோர்ட்டுக்கு இங்க அதிகாரமே கிடையாது, டிக்கெட்டைக் குப்பையில போடுங்கறார். இன்னொருத்தர் உடனே வக்கீல் வைங்கறார்"னு எழுதியிருக்கீங்க. ரெண்டு பேர் சொல்றதையும் கேக்காதீங்க. முக்கியமா முதல் ஆள். அவர் பேச்சைக் கேட்டுக் கோர்ட் தேதியை விட்டீங்கன்னா வாரண்ட் வரும். அடுத்த தடவை டெயில் லைட் எரியலைன்னு நிறுத்தினாலும் கையில விலங்கோட போகணும்.

அவருக்குப் பாதிக் கதை தெரிஞ்சிருக்கு. 2020 ஜூலை 9-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெக்கிர்ட் வழக்குல, மஸ்கோகி கிரீக் நேஷனோட (நேஷன்னா அந்தப் பழங்குடியோட சொந்த அரசு) ரிசர்வேஷனை அமெரிக்க நாடாளுமன்றம் ஒருநாளும் கலைக்கவே இல்லை, அதனால அது இன்னும் இருக்குன்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஐந்துக்கு நாலு, எழுதினவர் நீதிபதி கோர்சச். புரோக்கன் ஏரோவும் டல்சாவில் பெரும்பகுதியும் அந்த எல்லைக்குள்ள வருது. வடக்கே ஒவாசோ பக்கம் போனா செரோக்கி நேஷன். இதெல்லாம் உண்மை.

ஆனா அந்தத் தீர்ப்பு குற்ற வழக்குல பார்க்கிறது, சம்பவம் எங்க நடந்தது, செஞ்சது யார், பாதிக்கப்பட்டது யார் என்கிறதை. பழங்குடி உறுப்பினர் குற்றம் செஞ்சா ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட் அல்லது அந்த நேஷனோட கோர்ட். நீங்களும் நானும் எந்த நேஷனிலும் உறுப்பினர் இல்லை. நம்ம டிக்கெட்டுக்கு எப்பவும் போல சிட்டி, கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட்தான். எதிர்ப்பக்கம் பாதிக்கப்பட்டவர் பழங்குடியா இருந்தா, 2022 காஸ்ட்ரோ-வெர்ட்டா தீர்ப்புக்கு அப்புறம் மாநிலமும் ஃபெடரலும் ரெண்டுமே நம்ம மேல வழக்குப் போடலாம். நேஷனோட கோர்ட் நம்மைக் குற்ற வழக்குல விசாரிக்க முடியாதுன்னு 1978-லயே முடிஞ்சு போச்சு. குடும்ப வன்முறை மாதிரி சில வகைக்கு மட்டும் 2013-க்கு அப்புறம் விலக்கு உண்டு. அதுக்காக லைட்ஹார்ஸ் போலீஸ், அதான் மஸ்கோகி நேஷன் போலீஸ், கை காட்டினா நிறுத்தாம போயிடாதீங்க. நிறுத்தி, சோதிச்சு, சிட்டி போலீஸ் வர்ற வரைக்கும் பிடிச்சு வைக்க அவங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு 2021-ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. இங்க பல ஊர்கள்ல சிட்டி போலீஸும் நேஷன் போலீஸும் ஒருத்தருக்கொருத்தர் அதிகாரம் கொடுத்து ஒப்பந்தமும் போட்டிருக்காங்க.

நம்ம ஆளுங்க பாட்லக் விருந்துல உட்கார்ந்து "அவங்களுக்கு மட்டும் டிக்கெட் கிடையாதாம்"னு பொருமுறதைக் கேக்கும்போது எனக்குக் கடுப்பாகும். 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தைக் காட்டி டல்சா சிட்டி ஒரு பழங்குடி உறுப்பினர் மேல டிராஃபிக் வழக்கு நடத்தினதை 2023-ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் ஏத்துக்கலை. அவ்வளவுதான். அந்த மாதிரி டிக்கெட் பெரும்பாலும் நேஷனோட கோர்ட்டுக்குப் போகும், அங்கயும் அபராதம் உண்டு. அலபாமா, ஜார்ஜியாவிலிருந்து விரட்டப்பட்டு நடந்தே வந்த ஜனம் அது. நேத்து விமானத்துல வந்து இறங்கின நாம அவங்க சலுகையைக் கணக்குப் பார்க்கிறோம்.

வக்கீல் விஷயத்துக்கு வர்றேன். சாதாரண ஸ்பீடிங்குக்கு வக்கீல் தேவையில்லை. கட்டினா குற்றத்தை ஒத்துக்கிட்டதாகும், இன்சூரன்ஸ் ஏறும், அது மட்டும் தெரிஞ்சுக்கிட்டுக் கட்டுங்க. நான் 2007 கடைசியில வந்தப்ப இதைச் சொல்ல ஆள் இல்லை. அந்த டிசம்பர்ல பெரிய ஐஸ் புயல், டல்சா முழுக்கக் கரண்ட் இல்லாம நாள் கணக்கா இருட்டு. அப்பார்ட்மென்ட் வாசல்ல நின்ன என் பழைய கொரோலாவை ஒருத்தன் சறுக்கிட்டு வந்து இடிச்சான், அவன்கிட்ட இன்சூரன்ஸ் இல்லை. ஹைவே போர்டுல பல்லைக் காட்டிக்கிட்டிருந்த ஒரு வக்கீல்கிட்டப் போனேன். வரவேற்பறையில மீன் தொட்டி, தோல் சோபா, ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். ஐநூறு டாலர் ரீட்டெய்னர், அதான் முன்பணம், வாங்கினாங்க. ரசீது கொடுத்த பொண்ணு அழகாச் சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. கடைசியில கோர்ட் ஜன்னல்ல இருந்த ஒரு வயசான அம்மாதான் எந்த ஃபாரம், எங்க கையெழுத்துன்னு காட்டினாங்க. அப்புறம் லீவு நாள்ல முனிசிபல் கோர்ட்ல போய்ப் பின் பெஞ்சில உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். யாருக்கும் சொல்லமாட்டேன், ஆனா அமெரிக்காவை நான் கத்துக்கிட்டது அங்கதான். யார் கையைக் கட்டி நிக்கிறான், யாருக்கு ஜட்ஜ் தவணை கொடுக்கிறார் எல்லாம் அங்கேயே தெரியும்.

உண்மையிலேயே வக்கீல் தேவைப்படுற நாள் வந்தா, வாட்ஸ்அப் குரூப்ல "நல்ல அட்டர்னி யாராவது?"னு கேக்காதீங்க. அங்க வர்ற பெயரெல்லாம் கிரீன் கார்டு வக்கீல். நல்ல வக்கீல் பணம் பேசுறதுக்கு முன்னாடி, எந்தத் தெருவுல நடந்தது, எதிராளி எந்த நேஷன் உறுப்பினரா, உங்க விசா என்னன்னு கேப்பார். ஓக்லஹோமா பார்ல, அதாவது மாநில வக்கீல் சங்கத்துல, இருக்கிறவர் எல்லாம் மஸ்கோகி நேஷன் கோர்ட்ல வாதாட முடியாது, அதுக்குத் தனியாச் சேரணும். அந்தக் கோர்ட் ஓக்மல்கியில இருக்கு. ஃபெடரல் கோர்ட்டும் அப்படியே, அனுமதி தனி. நம்ம ஊர் இன்னும் விசித்திரம்: கவுன்ட்டி லைன் ரோட்டைத் தாண்டிக் கிழக்கே போயிட்டா வேகனர் கவுன்ட்டி. சம்பவம் அந்த ரோட்டுக்கு மேற்கே நடந்திருந்தா ஃபெடரல் வழக்கு டல்சாவுல, கிழக்கே நடந்திருந்தா மஸ்கோகி டவுன்ல. ஜனத்தொகை 2000-ல எழுபத்தஞ்சாயிரம் கூட இல்லை, 2020-ல 1,13,540. புது வீடுகள் எல்லாம் அந்தக் கிழக்குப் பக்கம்தான் முளைக்குது.

இதைவிட முக்கியமான ஒண்ணு. எனக்குத் தெரிஞ்ச கோயம்புத்தூர்ப் பையன், எச்-1பி வேலை விசா, செல்ஃப் செக்அவுட்ல ஸ்கேன் ஆகாத ரெண்டு கோழி பாக்கெட்டோட வெளிய வந்து மாட்டினான். உள்ளூர் வக்கீல் "டெஃபர்டு சென்டென்ஸ் (தண்டனையைத் தள்ளி வைக்கிறது) வாங்கித் தர்றேன், ஒழுங்கா இருந்தா கேஸே இருக்காது"ன்னார். ஓக்லஹோமாக்காரனுக்கு அது நல்ல டீல். நமக்குக் கண்ணி. குற்றத்தை ஒத்துக்கிட்டு, கோர்ட் ஏதாவது கட்டுப்பாடு விதிச்சாலே குடியேற்றச் சட்டத்துல அது தண்டனைக் கணக்குதான், பின்னாடி மாநிலம் தள்ளுபடி செஞ்சாலும். சென்னை கான்சலேட்ல அவன் மாசக்கணக்குல அலைஞ்சான். குற்ற வக்கீல் நாடு கடத்தல் ஆபத்தை முன்கூட்டியே சொல்லணும்னு 2010-லயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. நீங்களே வாயைத் திறந்து கேளுங்க: "இது என் விசாவை என்ன பண்ணும்?" குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டினா இன்னும் மோசம். வழக்கு முடியறதுக்கு முன்னாடியே விசாவை ரத்து பண்ணி ஈமெயில் வந்துடும்.

நேஷன் நடத்துற கசினோவுல (சூதாட்ட விடுதி) அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போய் பஃபே சாப்பிட்டு, ஈரத் தரையில அவங்க வழுக்கினா, மாநில வழக்கு மாதிரி ரெண்டு வருஷம் டைம்னு நினைக்காதீங்க. நேஷனுக்கு இறையாண்மைப் பாதுகாப்பு உண்டு, அதாவது அவங்க சம்மதிக்காம அவங்க மேல வழக்குப் போட முடியாது. முதல்ல அவங்க அலுவலகத்துல கிளெய்ம் கொடுக்கணும், கெடுவும் குறைவு. அன்னைக்கே எழுதிக் கொடுங்க.

வீடு வாங்கலாம். 2020-ல அந்தத் தீர்ப்பு வந்தப்ப "பழங்குடி ஆளுங்க நம்ம வீட்டைப் பிடுங்கிடுவாங்க"ன்னு நம்ம குரூப்ல ஒரே அலறல். ஒருத்தர் அட்வான்ஸையே விட்டுட்டு டெக்சாஸ் ஓடினார். பட்டா மாறலை, யார் வீட்டையும் யாரும் எடுக்கலை. அவர் விட்ட வீட்டுல இப்ப ஒரு தெலுங்குக் குடும்பம் சௌக்கியமா இருக்கு. ஸ்கூலை நீங்களே நேர்ல போய்ப் பாருங்க. மளிகையும் கோயிலும் டல்சாவுல இருக்கு.

இப்ப அந்தப் பேப்பரைக் கையில எடுங்க. டிக்கெட் எழுதினது சிட்டி போலீஸா, ஷெரீப்பா (கவுன்ட்டி போலீஸ்), ஹைவே பேட்ரோலான்னு மேல பாருங்க. சிட்டின்னா முனிசிபல் கோர்ட். மத்த ரெண்டும்னா கவுன்ட்டி லைனுக்கு எந்தப் பக்கம் நின்னீங்கன்னு பார்த்துச் சொல்லுங்க, எந்த ஆபீஸுக்குப் போன் பண்ணணும்னு நான் சொல்றேன். தேதி இந்த வாரம்னா நாளைக் காலையிலேயே கிளார்க்கைக் கூப்பிடுங்க, மத்தியானத்துல எடுக்க மாட்டாங்க.