மடிக்கணினி இல்லாத மாணவருக்கும் நிரலாக்கம் கைவர

கேள்வி: சேலத்துக்கு அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியை நடத்துகிறேன். பாதிப் பேர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்கள். பலரிடம் மடிக்கணினி இல்லை. வீட்டுப் பயிற்சிகளை நண்பர்களைப் பார்த்து எழுதிவருகிறார்கள். பாடத்தின் தரத்தைக் குறைக்காமல் என்ன செய்யலாம்?

பதில்: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்தபோது, அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் கணினி முன் உட்காரும் நேரத்தை எந்த அரசாணையும் தந்துவிடாது. உங்கள் வகுப்பில் உள்ள இடைவெளி பெரும்பாலும் அந்த நேரத்தின் இடைவெளிதான். ஆகவே, கணினி தேவைப்படும் வேலை எதையும் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். படிப்பதையும், தாளில் நிரலின் போக்கைத் தடம்பிடிப்பதையும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, எழுதி இயக்கிப் பார்ப்பதை ஆய்வகத்துக்குள் கொண்டுவாருங்கள்.

மாலையில் ஆய்வகத்தைத் திறந்துவைத்தால் விடுதி மாணவருக்கு மட்டுமே பயன்; கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் தங்க முடியாது. மதிய இடைவேளையும் நூலக வகுப்பு நேரமுமே எல்லோருக்கும் பொதுவானவை. கைப்பேசியில் எழுதட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. பைத்தானில் வரியின் முன்னிடைவெளி பிசகினாலே பிழை; அந்தச் சின்னத் திரையில் நிறுத்தற்குறிக்கும் அடைப்புக்குறிக்கும் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டுகிறவருக்குத் தர்க்கத்தை யோசிக்கப் பொறுமை எங்கே மிஞ்சும்?

அடுத்தது, பலர் கவனிக்காதது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. உயிரியல் பிரிவில் படித்தவர் அதைத் தொட்டதே இல்லை. கணினி அறிவியல் படித்தவர் சட்டென்று விடை சொல்ல, மற்றவர் தமக்கு மூளை போதாது என்று முடிவுகட்டிவிடுகிறார். அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி அறிமுகப் பாடத்தை முன்னனுபவத்தின்படி இரு பிரிவாக்கியது இந்த அச்சத்தைப் போக்கத்தான். நீங்களும் பிரிக்கலாம், ஆனால் அளவுகோல் முன்பே நிரல் எழுதியிருக்கிறாரா என்பதாகட்டும், எந்தப் பள்ளி என்பதாக வேண்டாம். "லேப்டாப் இல்லாதவர்கள் கை தூக்குங்கள்" என்று வகுப்பில் கேட்பது கொடுமை. நிரல் எழுதிய அனுபவம் உண்டா, மடிக்கணினி உண்டா என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

தமிழ்வழி மாணவர் பிழைச்செய்தியின் ஆங்கிலத்தைக் கண்டதும் படிக்காமலே உங்களை அழைப்பார். கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பிழையின் வகை அங்கேதான் இருக்கும். பிறகு வரி எண்ணைத் தேடட்டும். அடிக்கடி வரும் ஏழெட்டுப் பிழைகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ரெக்கார்டு நோட்டின் அழகுக்கு மதிப்பெண் தரும் வழக்கம்தான் பார்த்து எழுதுவதை வளர்க்கிறது. உங்கள் கையில் உள்ள அகமதிப்பீட்டில் அந்தப் பங்கைக் குறைத்து, மாணவர் எழுதிய நிரலில் ஒரு வரியை மாற்றச் சொல்லி, விளைவு என்னவாகும் என்று ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள்; பதிலைத் தமிழில் சொன்னாலும் முழு மதிப்பெண் உண்டு என்பதைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே அறிவித்துவிடுங்கள்.