விதைக்கு விடும் தீவனச் சோளத்தில் களைக்கொல்லி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கோ.எஃப்.எஸ் 29 தீவனச் சோள ரகம் விதைக்காக அரை ஏக்கர் போட்டிருக்கிறேன் அண்ணா. நேற்றுதான் விதைப்பு முடிந்தது. அட்ரசின் களைக்கொல்லி எப்போது, எவ்வளவு அடிக்கணும்?

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. விதைத்த மூன்று நாளுக்குள் அடித்துவிடுங்கள். 50 சத அட்ரசின் தூள் ஏக்கருக்கு 200 கிராம், உங்களுக்கு 100 கிராம். மண்ணில் ஈரம் இருக்கணும், காய்ந்த புழுதியில் அடித்தால் மருந்து வேலை செய்யாது. விசிறி நாசில் மாட்டி, பின்பக்கமாக நடந்தபடி அடியுங்கள். அடித்த மண்ணை மிதித்தால் மேலே படிந்த மருந்துப் படலம் கலைந்துவிடும். தூள் அடியில் தங்கும், டேங்கை அவ்வப்போது குலுக்குங்கள். கோரை மட்டும் இதற்கு அடங்காது, அதைக் கொத்தித்தான் எடுக்கணும்.

கேள்வி: ஊடே தட்டைப்பயறு விதைத்திருக்கிறேன். அட்ரசின் அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா, பயறு கருகிவிடும். அங்கே கைக்களைதான்.

கேள்வி: மக்காச்சோளத்துக்கு வாங்கிய டெம்போட்ரையான் களைக்கொல்லி மீதி இருக்கிறது. சோளத்தில் அடித்தால் என்ன?

பதில்: அடிக்காதீர்கள். மக்காச்சோளம் தாங்கும், சோளம் தாங்காது. குருத்து இலை காகிதம் போல வெளுத்துப் போகும். எங்கள் பக்கத்துக் காட்டில் ஒருவர் அடித்துவிட்டு, சத்துக்குறைவு என்று நினைத்து ஒரு வாரம் துத்தநாகம் தெளித்துக்கொண்டிருந்தார். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

கேள்வி: பயிருக்கு 25 நாள். சாரணையும் பார்த்தீனியமும் மண்டிவிட்டன. 2,4-டி சோடியம் உப்பு களைக்கொல்லி அடிக்கலாமா? பக்கத்து வயலில் பருத்தி இருக்கிறது.

பதில்: பருத்தி இருக்கும்போது நான் அடிக்கமாட்டேன். காற்றில் ஒரு துளி போனாலும் பருத்தி இலை விரல் விரலாகச் சுருங்கிவிடும். இன்னொன்று, விதைப்பயிரில் கதிர் வெளியே வராமல் இலை உறைக்குள் பொதியில் இருக்கும்போது 2,4-டி பட்டால் மணி பிடிக்காமல் போகும். ஆள் விட்டு ஒரு களை எடுத்துவிடுங்கள். செலவுதான், ஆனாலும் விதை தப்பும்.

கேள்வி: சோளத்துக்கு நடுவே காட்டுச்சோளம் தெரிகிறது. அதை மட்டும் சாகடிக்க மருந்து உண்டா?

பதில்: கிடையாது. இரண்டும் ஒரே இனம், அதைச் சாகடிக்கும் மருந்து பயிரையும் சாகடித்துவிடும். விதைப்பயிரில் எனக்குப் பெரிய கவலையே இதுதான். அதன் மகரந்தம் கலந்தால் அடுத்த வருஷம் உங்களிடம் விதை வாங்குகிறவர் வயலில் கலப்புச் செடி நிற்கும். பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள், அறுத்து விட்டால் மறுபடி தூர் கட்டும். அப்புறம், பிடுங்கிய இளஞ்செடியை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். இளசில் சயனைடு நஞ்சு இருக்கும்.