முகவரி இல்லாத பதிவு வந்தால் பக்கம் நின்றுவிடுகிறதே?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் ஆர்டர் பட்டியல் ஒன்று செய்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் எதைக் காட்ட வேண்டும் என்பது 'வாடிக்கையாளர்.முகவரி.ஊர்' போன்ற எழுத்துச் சரமாக (ஸ்ட்ரிங்) அமைப்புக் கோப்பிலிருந்து வருகிறது. முகவரி இல்லாத ஒரு பதிவு வந்தாலே பக்கம் முழுவதும் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஆப்ஜெக்டில் இல்லாத சாவியை (புலத்தின் பெயரை) கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 'அன்டிஃபைன்ட்', அதாவது மதிப்பே இல்லை, என்று மட்டுமே தரும், பிழை வராது. அந்த அன்டிஃபைன்டுக்குள் ஊரைத் தேடும்போதுதான் டைப்எரர் என்ற பிழை எழுகிறது. பாதையை நிரலிலேயே எழுதியிருந்தால் ஜாவாஸ்கிரிப்டின் 2020 பதிப்பில் வந்த, இல்லாத இடத்தில் பிழையின்றி அன்டிஃபைன்ட் தரும் ?. குறி போதும். உங்கள் பாதையோ சரமாக வருகிறது. ஆகவே அதைப் புள்ளியில் பிரித்து, படிப்படியாக இறங்க வேண்டும்:

பாதை.ஸ்ப்ளிட்('.').ரெட்யூஸ்((பொருள், சாவி) => பொருள்?.[சாவி], ஆர்டர்)

ஸ்ப்ளிட், ரெட்யூஸ் என்ற முறைகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் (split, reduce) இடுங்கள். 'பொருட்கள்.0.விலை' என்று பட்டியலுக்குள்ளும் இது இறங்கும். சரத்தை, எதையும் நிரலாகவே ஓட்டிவிடும் ஈவாலிடம் (eval) கொடுக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டவே வேண்டாம். அமைப்புக் கோப்பில் கைவைக்க முடிந்த எவரும் உங்கள் பக்கத்தில் எந்த நிரலையும் ஓட்டிவிடலாம்.

மாற்று மதிப்பு தரும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். அனுப்பும் கட்டணம் 0 ரூபாய் என்று வையுங்கள். 0-ஐயும் மதிப்பில்லாததாகவே கொள்ளும் || குறியைப் போட்டு 'தெரியவில்லை' என்று எழுதினால், இலவசமாக அனுப்பிய ஆர்டருக்கும் 'தெரியவில்லை' என்றே வரும். ?? போடுங்கள், அன்டிஃபைன்டுக்கும் 'நல்' என்ற வெற்று மதிப்புக்கும் மட்டுமே அது மாற்றைத் தரும். இதே போலப் பாதை வழியே மதிப்பை எடுத்துத் தரும் லோடாஷ் நூலகத்தின் 'கெட்' ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் இன்னொரு வேறுபாடு: அது அன்டிஃபைன்டுக்கு மட்டுமே மாற்றைத் தரும், 'நல்' மதிப்பை அப்படியே திருப்பிவிடும். தரவுத்தளத்திலிருந்து வரும் வெற்றுப் புலங்கள் பெரும்பாலும் 'நல்' மதிப்பாகத்தான் வருகின்றன என்பதால் இதைக் கவனிக்காவிட்டால் திண்டாட்டம்.

சாவியின் பெயரிலேயே புள்ளி இருந்தால் சரத்தை விட்டுவிட்டு, சாவிகளின் பட்டியலாகப் பாதையைக் கொடுங்கள்.

இப்படிப் பாதுகாப்பாகப் படிப்பதில் எனக்கு ஒரு கவலை உண்டு. அமைப்புக் கோப்பில் 'வாடிக்கயாளர்' என்று ஓர் எழுத்து பிசகினாலும் பிழை வராது. எல்லா வரிசையிலும் 'தெரியவில்லை' என்று நிற்கும், தரவில்தான் குறை என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். எனவே பக்கம் தொடங்கும்போதே, எல்லாப் புலங்களும் நிரம்பிய மாதிரிப் பதிவு ஒன்றில் ஒவ்வொரு பாதையையும் ஒருமுறை ஓட்டுங்கள். அன்டிஃபைன்ட் தரும் பாதையின் பெயரைச் சொல்லி அங்கேயே பிழை எழுப்புங்கள்.